எழுந்து போகிறவர்கள்

நாகேஸ்வரராவ் பூங்கா. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது.

சிமெண்ட் பெஞ்சு ஈரமாக இருக்கிறது. முந்தானையால் துடைத்துவிட்டு உட்கார்கிறேன். மிச்ச ஈரம் புடவையில் மெல்ல ஏறுகிறது.

4பி பென்சில். சீவும் சத்தம். சீவல் மடியில் விழுகிறது. தட்டிவிடத் தோன்றவில்லை.

தாள் வெறுமையாக இருக்கிறது. இருக்கட்டும்.

*

நடைபாதையில் கால்கள்.

முகங்களைப் பார்க்காமல் முழங்காலுக்குக் கீழே மட்டும் வரைகிறேன். கான்வாஸ் ஷூ, ரப்பர் செருப்பு, வெறுங்கால். ஒருவரின் ஆடுசதையை முடிப்பதற்குள் அவர் போய்விடுகிறார். பாதம் அடுத்து வருகிறவருடையது. வேட்டியின் கரை இன்னொருவருடையது.

தாளில் ஒருவர் நடக்கிறார். பூங்காவில் அப்படி யாரும் இல்லை.

*

காற்று கழுத்தின் இடப்பக்கம் படுகிறது. வலப்பக்கம் படவில்லை.

*

கூட்டுகிற அம்மாள் வருகிறார். நீளக் கைப்பிடி வைத்த விளக்குமாறு. சருகுகள் ஒதுங்குகின்றன. மண்ணில் ஈர்க்கின் கீறல்கள், அரைவட்டத்துக்குள் அரைவட்டம்.

அவரை வரையவில்லை. கீறல்களை வரைகிறேன்.

முடிப்பதற்குள் வாதாம் மரம் இன்னோர் இலையைப் போடுகிறது. பெரிய இலை, சிவப்பு. சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்க்கிறார். விட்டுவிட்டுப் போகிறார்.

*

பங்குனி. புங்கமரத்தின் அடியில் பொரி சிந்தினாற்போல் பூ.

மிதிபட்டவை பழுப்பாகின்றன. மிதிபடாதவற்றில் ஓரத்தில் இளம் ஊதா இன்னும் இருக்கிறது. வெள்ளைக்குப் பென்சில் கிடையாது. சுற்றியிருக்கும் மண்ணைக் கறுப்பாக்கினால் பூ தானாக மிஞ்சுகிறது.

நிறைய மண்ணை வரைய வேண்டியிருக்கிறது.

*

இரண்டு பேர் நடந்து வருகிறார்கள். பெஞ்சைக் கடக்கும் நேரத்துக்குப் பேச்சு கேட்கிறது.

"...அறுபது நாப்பதுங்கறான் பில்டர்..."

போய்விடுகிறார்கள். அணில் மரத்தில் தலைகீழாக இறங்குகிறது. நிற்கிறது. வால் மட்டும் துடிக்கிறது.

"...ரெண்டு வருஷ வாடகையும் அவனே குடுத்துடறானாம்..."

அணில் இறங்கிவிட்டது.

"...அம்மாதான் பிடிகொடுக்க மாட்டேங்கறா. கெணறு என்ன ஆகும்னு கேக்கறா..."

அடுத்த சுற்றில் பேச்சு இல்லை. மூச்சு மட்டும்.

அதற்கடுத்த சுற்றில் கத்தரிக்காய் விலை.

*

லஸ் முனையில் நீலத் தடுப்புகள். பின்னால் பள்ளம்.

திருமயிலை மெட்ரோ நிலையம் வருகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி போகும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகச் சந்திக்கும். தரையிலிருந்து சுமார் 35 மீட்டர் ஆழம்.

பத்து மாடி. கீழ்நோக்கி.

கீழே போகும் மாடிகளைத் தாளில் எங்கே வைப்பது? தரைக்கோட்டைப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோகிறேன். மேலே பெஞ்சு, மரம், நடக்கிறவர்கள் எல்லாம் விரல்கடை உயரத்தில். கீழே தாள் முழுவதும் மிச்சம்.

அதில் எதுவும் வரையவில்லை.

*

சுரங்கம் தோண்டும் எந்திரத்துக்கு ஃப்ளமிங்கோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கத்தருகே 2023-இல் மண்ணுக்குள் இறங்கியது. அதன் பின்னால் ஈகிள். பனகல் பூங்காப் பக்கத்தில் பெலிகன்.

பூநாரை, கழுகு, கூழைக்கடா.

மேலே தவிட்டுக்குருவிகள். ஏழெட்டு ஒன்றாகச் சருகைப் புரட்டுகின்றன. ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகின்றன. எதற்கென்று தெரியவில்லை. அவற்றுக்குத் தெரியும்.

நிஜப் பூநாரைகள் வருவது பள்ளிக்கரணைக்கு. மிஞ்சியிருக்கிற சதுப்பில், முழங்கால் தண்ணீரில்.

*

பெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.

அதிர்வு ஏதும் இல்லை. நாடி மட்டும் தெரிகிறது.

*

பறக்கும் ரயில் மயிலாப்பூருக்கு வந்தது 1997-இல். பக்கிங்ஹாம் கால்வாய்மேல் தூண் தூணாக எழுந்தது. அப்போதும் யாராவது கால்வாய்க் கரையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் மேலே. இப்போது கீழே.

*

சித்திரை. காகம் ஒன்று மதில்மேல்.

அலகில் கட்டுக்கம்பி. கம்பி கட்டுகிறவர்கள் முறுக்கி வெட்டிப் போட்ட துண்டு, ஒரு சாண் இருக்கும். நடுவில் பிடித்திருக்கிறது. பறக்கிறது. கிளைக்குள் நுழையும்போது கம்பியின் முனை சுள்ளியில் மாட்டுகிறது. பின்வாங்குகிறது. மறுபடி நுழைகிறது. மறுபடி மாட்டுகிறது.

கம்பியைக் கிளைமேல் வைத்துக் காலால் மிதித்துக்கொள்கிறது. தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. முனையைக் கவ்வுகிறது. இப்போது கம்பி நீளவாக்கில் உள்ளே போகிறது.

கூட்டை வரைகிறேன். சுள்ளிக்கு அழுத்தம் கூடிக் குறையும் கோடு. கம்பிக்கு ஒரே அழுத்தம். பாதிக்குப் பாதி கம்பியாக இருக்கிறது. இந்த ஊர்க் காகங்களுக்கு இது புதிதில்லை. வீடு எழும் தெருவிலெல்லாம் கூட்டில் இரும்பு சேர்ந்துவிடும்.

வெயிலில் கம்பி முட்டையைச் சுடுமா என்று நினைப்பு வருகிறது. கொஞ்ச நேரம் இருக்கிறது. போகிறது.

குயில் கூவுகிறது. காகம் கூட்டை விட்டு நகரவில்லை.

*

சதுரங்கம். இரண்டு பெரியவர்கள், நடுவில் ரெக்ஸின் போர்டு. சுருட்டி வைத்த மடிப்பு ஓரத்தில் எழும்பி நிற்கிறது. வெட்டுப்பட்ட யானையை அதன்மேல் வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

கை குதிரைக்கு மேலே நிற்கிறது. தொடவில்லை. தொட்டால் நகர்த்தியாக வேண்டும்.

ஒரு கையை வரைய இவ்வளவு நேரம் கிடைப்பது அபூர்வம். புறங்கையின் நரம்பு. வயதின் புள்ளிகள். கட்டைவிரல் நகத்தில் நெடுக ஒரு வெடிப்பு. மோதிரம் கழலாத விரல்.

"நேரமாறது ஓய்."

"யோசிக்கறேன்யா."

பின்னால் ஒரு பையன், பத்து வயது இருக்கும். அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

கை பின்வாங்கிவிடுகிறது. தாளில் இருப்பது பின்வாங்குவதற்கு முந்தைய கை.

*

பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். படிக்க நிற்பவர் குறைவு.

காசிநாதுனி நாகேஸ்வரராவ். 1867-இல் பிறந்தவர். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன். பிறகு ஆந்திர பத்திரிகா. 1914-இல் இரண்டும் சென்னைக்கு வந்தன. லஸ் தேவாலயச் சாலையில் அவர் வீடு, ஸ்ரீபாக். 1937 நவம்பரில் கடலோர ஆந்திரக்காரர்களும் ராயலசீமைக்காரர்களும் அங்கே உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். இன்னும் பிறக்காத மாநிலத்துக்குத் தலைநகர் எந்தப் பக்கம், உயர்நீதிமன்றம் எந்தப் பக்கம் என்று.

மாநிலம் பிறந்தது 1953-இல். அவர் 1938-லேயே போய்விட்டார்.

எதிர் பெஞ்சில் ஒருவர் நெற்றிப்பொட்டில் மஞ்சள் தைலம் தேய்க்கிறார். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் கற்பூர நெடி. திரும்பாதபோது இல்லை.

*

லஸ் தேவாலயத்துக்குக் காட்டுக்கோயில் என்றும் பெயர். கல்லில் 1516 என்று இருக்கிறது. காட்டைப் பற்றி வேறு தடயம் இல்லை.

*

சிரிப்பு யோகா. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்று, கைகளை மேலே தூக்கி, சொல்லிவைத்துச் சிரிக்கிறார்கள்.

வாய்களை மட்டும் வரைகிறேன். சத்தம் இல்லாமல் தாளில் பார்த்தால் சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

ஒரு மாமி சிரிப்பதை நிறுத்தியபின் நிஜமாகவே சிரிக்கிறார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறார். அதை வரைய முடியவில்லை.

*

மாதத்தின் முதல் ஞாயிறு. காலைக் கச்சேரி. மைக் கிடையாது.

பாடுவது சிறுமிகள். சுருதி கைபேசியிலிருந்து வருகிறது. மைக் இல்லாததால் கேட்பவர்கள் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொள்கிறார்கள். நடப்பவர்களின் கால் அந்த இடத்தில் தணிகிறது.

வயலின் வில்லின் கோணத்தை மட்டும் போடுகிறேன். மேலே ஒன்று. கீழே ஒன்று. குறுக்கே ஒன்று. பக்கம் முழுவதும் வில்கள். வயலின் இல்லை.

நிரவலின் நடுவில் அந்தப் பெண் மூச்செடுக்கிறாள். அந்த இடைவெளியில் லஸ் பக்கத்திலிருந்து பேருந்தின் ஹாரன். அப்புறம் ஒரு காகம். அவள் கண்ணைத் திறக்கவில்லை. தொடையில் தாளம் நிற்கவில்லை.

*

தூங்குகிறவர்தான் அசையாமல் இருப்பார் என்று ஒரு நம்பிக்கை.

துண்டைத் தலைக்கு வைத்து ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். வயிறு ஏறி இறங்குகிறது. சட்டையின் மூன்றாவது பொத்தானும் கூடவே ஏறி இறங்குகிறது.

அந்தப் பொத்தானை எங்கே வைப்பது?

இரண்டு இடத்திலும் வைக்கிறேன்.

*

வைகாசி. பின்தெருவில் ஒரு வீடு இடிக்கிறார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்கிறேன்.

முதலில் ஜன்னல்கள். பர்மா தேக்கு. சட்டத்தோடு பெயர்த்து மதிலில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பழைய மரக்கடை லாரி பின்பக்கமாக வந்து நிற்கிறது. அப்புறம் கதவுகள். அப்புறம் கூரை. மெட்ராஸ் டெரஸ். மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, சுண்ணாம்பில் கட்டியது. கடப்பாரை இறங்கும்போது மொத்தமாக விழுவதில்லை. ஒன்றிரண்டு விழுகிறது. நிற்கிறது. இன்னொன்று விழுகிறது.

"அம்மா, தூசி வரும். அந்தாண்ட நில்லுங்க."

அந்தாண்ட நிற்கிறேன். தூசி அங்கேயும் வருகிறது. நாக்கில் சுண்ணாம்பின் காரம்.

மாடி அறை திறந்து கிடக்கிறது. மூன்று சுவர். உள்ளே பச்சை டிஸ்டெம்பர். தெருவில் போகிறவர்கள் அந்தப் பச்சையை இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடி மாட்டியிருந்த நீள்சதுரத்தில் மட்டும் பச்சை அப்படியே இருக்கிறது. மிச்ச இடத்தில் வெளுத்திருக்கிறது. பூஜை அறை மூலையில் விளக்குப் புகை ஏறிய தடம். மாடிப்படி போய்விட்டது. படிகளின் வரி மட்டும் சுவரில் சாய்வாக ஏறிப் பாதியில் நிற்கிறது.

டீ நேரம். கடப்பாரைகள் சாய்ந்திருக்கின்றன. கிட்டப் போகிறேன்.

கூடத்துச் சுவர். தொலைபேசி இருந்த இடம் என்று தெரிகிறது. வயர் வந்த துளையைச் சுற்றிப் பென்சிலால் எழுதிய எண்கள். பால். காஸ். டாக்டர். சித்தப்பா ஆபீஸ். எல்லாம் ஏழு இலக்கம், 4-இல் தொடங்குபவை. முன்னால் 2 சேர்வதற்கு முந்தைய எண்கள். காஸ் எண்ணை யாரோ இரண்டு தடவை அடிக்கோடிட்டிருக்கிறார்கள். சித்தப்பாவின் எண் அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு எழுதப்பட்டு, அதுவும் அடிக்கப்பட்டிருக்கிறது. அவர் அடிக்கடி வேலை மாறியிருக்க வேண்டும். அல்லது ஆபீஸ் மாறியிருக்க வேண்டும்.

எழுதுகிறவரின் 7-க்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு. 9-இன் வால் நேராக இறங்குகிறது. எண்களைப் பார்த்து எழுதவில்லை. வரைகிறேன். எழுதினால் அது என் 7 ஆகிவிடும்.

அழகான வீடு என்று சொல்வதற்கில்லை. மழைக்குக் கூடம் ஒழுகியிருக்கிறது. சுவரில் வரிவரியாகப் பழுப்பு. கார் நிறுத்த இடமில்லை. மாடிப்படி செங்குத்து. முழங்கால் வலியோடு அதில் ஏறியவர்கள் லிஃப்டை நினைத்திருப்பார்கள்.

பின்கட்டில் கிணறு. கம்பி வலை மூடி. எட்டிப் பார்த்தால் கீழே கட்டம் கட்டமாக வானம்.

டீ குடித்தவர்கள் திரும்புகிறார்கள். விலகுகிறேன்.

மறுநாள் அந்தச் சுவர் இல்லை. செங்கல் குவியலில் பச்சைப் பக்கங்கள் ஆங்காங்கே மேலே பார்க்கின்றன.

*

அந்த எண்களை அழைத்தால் யார் எடுப்பார்கள்?

கேள்வி பக்கத்தில் உட்கார்கிறது. எழுந்து போகிறது.

*

ஓவியர் சில்பி கோயில்களில் உட்கார்ந்து வரைந்தார். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வந்த காலம். சிலையின் ஆரத்தில் எத்தனை மணி உண்டோ அத்தனையும் அவர் தாளில் உண்டு.

கல் எழுந்து போவதில்லை. அவருக்கு அந்த வசதி இருந்தது.

இங்கே பாதி ஆட்கள். தலையும் தோளும் மட்டும் உள்ளவர்கள். குடை மட்டும். பேப்பர் பிடித்த இரண்டு கைகள் மட்டும்.

*

மனோகர் தேவதாஸுக்குக் கண்ணில் நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நடுவில் சிறு துளை மிஞ்சியது. அதன் வழியாக மதுரையையும் சென்னையின் பழைய கட்டடங்களையும் கறுப்பு மையில், நுணுக்கமான கோடுகளாக வரைந்தார். 2022 டிசம்பரில் காலமானார்.

உள்ளங்கையைக் குழலாக்கிக் கண்ணில் வைத்துப் பார்க்கிறேன். விளையாடும் இடம்.

ஊஞ்சல் வருகிறது. ஒரு குழந்தையின் முழங்கால். போகிறது. வெறும் மணல்.

வருகிறது.

*

"ஆன்ட்டி, அந்தத் தாத்தாக்குக் கால் எங்க?"

"எழுந்து போயிட்டார்மா."

"கால் மட்டுமா?"

*

வாசலில் அருகம்புல் சாறு வண்டி. எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்ந்திருக்கின்றன. வண்டிக்காரர் வாசலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறியிருக்கிறார். மெட்ரோ வேலைக்காகச் சாலையை மாற்றிவிட்டதில் வண்டிகள் வரும் திசை மாறிவிட்டது. கிழக்கு இப்போது நேர் எதிரில்.

"வெயிலு மூஞ்சிலயே அடிக்குதும்மா."

ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறுகையால் ஊற்றுகிறார். சிந்தவில்லை.

*

2016 டிசம்பர் 12. வர்தா புயல். ஒரு பகலில் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன.

பழைய நோட்டில் அதற்கு முந்தைய பக்கம். இதே பெஞ்சு, இதே திசை. இடது ஓரத்தில் கிளைகள். கோட்டுக்குமேல் கோடு. அவசரமாக, இலையை இலையாகப் போடப் பொறுமை இல்லாமல் கிறுக்கியது.

இன்று அங்கே வானம். வானத்தில் கிரேன்.

கிரேனின் கை அசைகிறதா இல்லையா, பார்த்தால் தெரிவதில்லை. பென்சிலைக் கண்ணுக்கு நேரே நீட்டி, மதில் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கட்டைவிரலால் குறித்துக்கொள்கிறேன். கொஞ்சம் கழித்து மறுபடி.

அசைந்திருக்கிறது.

*

ஆடி. காற்று. பக்கம் தானாகப் புரள்கிறது. கிளிப் கொண்டுவரவில்லை. இடது முழங்கையால் அழுத்திக்கொள்கிறேன். முழங்கையின் வியர்வை தாளில் ஒரு வட்டம் விடுகிறது.

அதுவும் பூங்காவில் இருக்கிறது.

*

சாயங்காலம். தூங்குமூஞ்சி மரம் இலைகளை மடிக்கும் நேரம்.

எந்த இலை முதலில் என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறேன். கண் எடுக்கவில்லை. மடிவது தெரியவில்லை. மடிந்திருப்பது தெரிகிறது.

கிளைகளுக்கு நடுவில் வானம் கொஞ்சம் கூடுகிறது. இலைகளை விட்டுவிட்டு அந்தச் சந்துகளை வரைகிறேன். ஒழுங்கில்லாத துண்டுகள். எதுவும் இன்னொன்றைத் தொடவில்லை.

*

விளக்கு எரிகிறது. முன்பு மஞ்சள். இப்போது எல்.இ.டி. வெள்ளை.

நிழல்களுக்கு விளிம்பு வந்துவிட்டது. வரைய எளிது. பார்க்கச் சற்றுக் கடுமை. கண் பழகும்வரை முகங்கள் எல்லாம் உடம்பு சரியில்லாதவர்களின் முகங்கள்.

வெளியே மதிலை ஒட்டி ஒரு பையன் பைக்கை நிறுத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்திருக்கிறான். முதுகில் சாப்பாட்டுப் பெட்டி. கைபேசியின் வெளிச்சம் மோவாயில் கீழிருந்து படுகிறது. இரண்டு கோடு போடுகிறேன், கழுத்துக்கும் பெட்டிக்கும். கைபேசி மணி அடிக்கிறது.

இரண்டு கோடு.

*

ஐப்பசி. மழைக்கு முன் காற்று நிற்கிறது. மண்வாசனை முதலில் வருகிறது. எங்கேயோ பெய்கிறது.

இன்று பென்சில் இல்லை, மைப்பேனா. முதல் துளி மரத்தின் அடியில் விழுகிறது. தாளில் இருக்கும் மரம். நீலம் மெல்ல வேருக்குக் கீழே இறங்குகிறது. இரண்டாவது துளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மேல்.

நோட்டை மூடத் தோன்றுகிறது. கை கொஞ்சம் தாமதிக்கிறது.

*

மழைக்குப் பின் பூங்காவில் யாரும் இல்லை. நடைபாதையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதில் கிரேன், தலைகீழாக, நடுங்கிக்கொண்டு.

தவளைச் சத்தம். எங்கிருந்து என்று தெரியவில்லை. இடிந்த வீட்டுப் பக்கமாக இருக்கலாம்.

*

இடிந்த வீட்டின் இடத்தில் ஒரு விளம்பரப் பலகை. மூன்று படுக்கையறை. ஓவியத்தில் பால்கனிதோறும் செடிகள். கீழே நடக்கிற மனிதர்களுக்கு முகம் இல்லை, நிழல் உண்டு. கணினியில் வரைந்தவர்களுக்கும் கால்கள் சிரமம்தான் என்று தெரிகிறது. எல்லோரும் தரைக்குச் சற்று மேலே நடக்கிறார்கள்.

கிணறு இருந்த மூலையை ஓவியத்தில் தேடுகிறேன். கார் நிற்கிறது.

*

நடப்பவர்களில் ஒருவர் இப்போது தனியாக வருகிறார். காதில் வெள்ளைக் கம்பியில்லா இயர்போன். உதடுகள் மட்டும் அசைகின்றன.

மற்றவர் எங்கே என்று கேட்கவில்லை. ஊரில் இல்லாமல் இருக்கலாம். முழங்கால் வலியாக இருக்கலாம்.

அவருடைய நடை மாறியிருக்கிறது. முன்பு வலப்பக்கம் சாய்ந்து, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு நடப்பார். இன்னும் இடம் விடுகிறார்.

*

மார்கழி. விடிவதற்கு முன் யாரோ தொலைவில் பாடிக்கொண்டு போகிறார்கள். மாட வீதியாக இருக்கும். ஜால்ரா சத்தம் முதலில் வருகிறது. வார்த்தை வரவில்லை.

விரல் மரத்திருக்கிறது. கோடு தடிக்கிறது.

*

ஞாயிறு. வெயில் சாய்ந்த நேரம்.

மெட்ரோ வேலைக்கு வந்த பையன்கள் மூன்று பேர். விடுமுறை. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டை. பூட்ஸ் மட்டும் வேலை பூட்ஸ். அதில் சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. பூங்காவின் மண் சிவப்பு. இது வேறு மண். கீழேயிருந்து வந்தது.

பூட்ஸை வரைகிறேன். வெடிப்புகளை ஒவ்வொன்றாக.

ஒருவன் எட்டிப் பார்க்கிறான்.

"தீதி, ஜூத்தா?" என்கிறான். சிரிக்கிறான். தன் முகத்தைக் காட்டுகிறான். விரலால் வட்டம் போடுகிறான். ஜூத்தா வேண்டாம், இது.

பக்கத்தைத் திருப்புகிறேன்.

எதிரில் உட்கார்கிறான். முதுகு நேராக. கைகள் முழங்கால்மேல். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காரும் விதம். கண் இமைப்பதைக்கூடத் தள்ளிப்போடுகிறான். பூங்காவில் இவ்வளவு நேரம் யாரும் இப்படி உட்கார்ந்ததில்லை. என்ன செய்வதென்று பென்சிலுக்குத் தெரியவில்லை. மெதுவாகப் போகிறது. புருவம். மூக்கின் பக்கத்தில் பழைய தழும்பு. மேலுதட்டில் புதிதாக வந்திருக்கும் மீசை.

தலையில் ஹெல்மெட் போடட்டுமா என்று கையைத் தலைக்குமேல் கவிழ்த்துக் காட்டுகிறேன். வேண்டாம் என்று தலையாட்டுகிறான். ஆட்டியதில் தாடை நகர்ந்துவிடுகிறது.

முடிந்ததும் கைபேசியை எடுக்கிறான். யாரையோ அழைக்கிறான். திரையில் ஒரு பெண்மணி, முக்காடு, பின்னால் தகரக் கூரை, ஒரு ஆட்டுக்குட்டி. நோட்டுக்கு மேலே கைபேசியைப் பிடிக்கிறான். திரையில் அவர் முகம் கிட்ட வருகிறது. ரொம்பக் கிட்ட. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகின்றன.

நீளமாக ஏதோ சொல்கிறார்.

நண்பர்கள் இருவரும் வெடித்துச் சிரிக்கிறார்கள். இவன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சின்னதாக ஓர் அளவு காட்டுகிறான். காது இவ்வளவு பெரிதில்லையாம்.

ரப்பர் பையில் எங்கோ கிடக்கிறது. தேடுகிறேன். திரையில் ஆட்டுக்குட்டி கத்துகிறது. அதற்குள் அடுத்தவன் காலரைச் சரிசெய்துகொண்டு, இவனைத் தோளால் இடித்து நகர்த்திவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.